மாதம் 5 டாலருக்கு ஒரு கணினி

சென்னையிலோ மும்பையிலோ ஒரு தரவு மையத்தில் இரவு பகலாக ஓடும் லினக்ஸ் கணினி. அதற்கென்று தனி ஐபி முகவரி உண்டு. ரூட் அதிகாரம் முழுக்க உங்கள் கையில். எதை வேண்டுமானாலும் நிறுவலாம், எதை வேண்டுமானாலும் கெடுத்தும் வைக்கலாம். லினோடில் 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வருக்கு வாடகை மாதம் 5 டாலர். டிஜிட்டல்ஓஷனில் 512 எம்பி சர்வர் 4 டாலர். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் 500 ரூபாயை ஒட்டித்தான் வரும். வீட்டில் 100 வாட் இழுக்கும் மேசைக் கணினியை மாதம் முழுக்க ஓடவிட்டால் 72 யூனிட் ஆகும். கரண்ட் பில் போகட்டும், வெளியிலிருந்து யாரும் வந்து சேரத் தனி ஐபி முகவரிகூடப் பல வீட்டு இணைப்புகளில் கிடைப்பதில்லை.

விபிஎஸ், அதாவது விர்ச்சுவல் பிரைவேட் சர்வர் என்று இதைச் சொல்கிறார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைக்க இரண்டு காரணங்கள் உண்டு. நமக்குக் கிடைப்பது ஒரு பெரிய இயந்திரத்தின் சிறு துண்டு. அந்தத் துண்டைப் பராமரிக்கும் ஆளின் சம்பளமும் விலையில் சேரவில்லை. அந்த ஆள் நீங்கள்தான்.

ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தை பழையது. ஐபிஎம் 1972-லேயே தன் மெயின்ஃப்ரேம்களுக்கு விஎம்/370 என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. நம் மேசைக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 சிப்புகள் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. இயங்குதளம் மட்டுமே தரக்கூடிய சில கட்டளைகளைச் சாதாரண நிரல் ஒன்று கொடுத்தால், சிப் அதை மறித்து மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். எக்ஸ்86 சிப்போ அவற்றில் சிலவற்றைச் சத்தமில்லாமல் வேறு மாதிரி செய்துவிட்டுப் போய்விடும். விஎம்வேர் நிறுவனம் 1999-ல் அந்தக் கட்டளைகளை ஓட்டத்தின் நடுவிலேயே மாற்றியெழுதிச் சமாளித்தது. இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் சிப்புக்குள்ளேயே அதற்கு வழி செய்தன. 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 கெர்னலில், அந்த வழியைக் கொண்டு ஒரே கணினியைப் பலவாகக் காட்டும் கேவிஎம் இடம்பெற்றது. இன்று மலிவு விபிஎஸ் விற்கும் பெரும்பாலான நிறுவனங்கள் ஓட்டுவது இலவசமான இந்தக் கேவிஎம்மைத்தான்.

விலையும் இறங்கிவந்தது. அமேசான் 2006 ஆகஸ்டில் இசி2 சேவையைத் தொடங்கியபோது சிறிய சர்வருக்கு மணிக்கு 10 சென்ட் வாங்கியது. மாதக் கணக்கில் 72 டாலர். 2013-ல் டிஜிட்டல்ஓஷன் 512 எம்பி நினைவகமும் 20 ஜிபி எஸ்எஸ்டியும் சேர்த்து 5 டாலருக்குக் கொடுத்தது. அதன் பிறகு மாணவர்களும் தனியாள் மென்பொருளாளர்களும் இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

துண்டு என்றேன். நினைவகம் பொதுவாக உங்கள் பங்குக்கு ஒதுக்கப்பட்டுவிடும். பிராசசர் அப்படியல்ல; முறை வைத்துத்தான் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை 7 மணிக்கு எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் மேல்மாடியில் தண்ணீர் நூலாக வருமே, அதே கதைதான். லினக்ஸில் ‘டாப்’ கட்டளை கொடுத்தால், பிராசசர் வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று ஓர் எண் தெரியும். உங்கள் சர்வர் வேலை செய்யத் தயாராக நின்றும் முறை கிடைக்காமல் காத்திருந்த நேரத்தின் சதவீதம் அது. பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். நாள் முழுக்க இரட்டை இலக்கத்தில் நின்றால் உங்கள் நிரலைக் குடைந்து பார்ப்பதில் அர்த்தமில்லை, சர்வரை மாற்றுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டே. முதலாவது ஊர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்க்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். ஆகவே போய்வர 135 மில்லிசெகண்டுக்குக் குறைந்து வழியே இல்லை. கேபிள் சுற்றிவருவதால் நடைமுறையில் 200-ஐத் தாண்டும். உங்கள் தளத்தின் வாசகர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் இந்தியத் தரவு மையமே பொருத்தம். டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரில் 2016 முதல் மையம் இருக்கிறது. லினோடை 2022-ல் வாங்கிய அகமாய் 2023-ல் சென்னையிலேயே திறந்துவிட்டது.

இரண்டாவது நினைவகம். வேர்ட்பிரஸ்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் 512 எம்பியில் மூச்சுத் திணறும். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் அதிகம் தின்னும் நிரலாகப் பார்த்துக் கொன்றுவிடும். பெரும்பாலும் அது தரவுத்தளமாகத்தான் இருக்கும். காலையில் தளத்தைத் திறந்தால் தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று வருவதன் பின்னணி பல நேரம் இதுவே. 1 ஜிபி எடுத்து, வட்டில் 2 ஜிபியை ஸ்வாப்பாக, அதாவது உபரி நினைவகமாக, ஒதுக்கினால் தாக்குப்பிடிக்கும். வட்டின் அளவு, பிராசசரின் பெயர் போன்றவை இந்த விலையில் தலையை உடைத்துக்கொள்ளும் விஷயங்கள் அல்ல. இயங்குதளம் உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பாகவோ டெபியனாகவோ இருக்கட்டும். சிக்கல் வந்தால் பதில் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம்.

சர்வர் எழுந்து நிற்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளே போகும் வழி எஸ்எஸ்ஹெச். பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, அங்கிருந்த டாட்டு யுலோனன் 1995-ல் எழுதியது இது. அவர் கேட்டு வாங்கிய போர்ட் எண் 22: எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த இடம்.

முதன்முறை இணையும்போது ‘எஸ்ஹெச்ஏ256’ என்று தொடங்கும் நீண்ட எழுத்துச் சரத்தைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். எல்லோரும் படிக்காமலே ‘யெஸ்’ அடிக்கிறோம். அது அந்தச் சர்வரின் கைரேகை. பின்னொரு நாள் கைரேகை மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால், அப்போதாவது நின்று படிக்க வேண்டும்.

இனி உள்ளே என்ன நடக்கிறதென்று பாருங்கள். ஆதென்டிகேஷன் பதிவேட்டைத் திறந்தால் உங்கள் பெயரைத் தவிர ஊரிலுள்ள பெயர்கள் எல்லாம் இருக்கும். ரூட், அட்மின், டெஸ்ட், ஒராக்கிள், போஸ்ட்கிரஸ், பை. கடைசிப் பெயர் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையின் பழைய இயல்புநிலைப் பயனர். வாங்கிய பலகையில் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களைத் தேடி வருகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் ‘தவறான கடவுச்சொல்’ என்ற குறிப்பு. முகவரியை நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லத் தேவையும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர், தாங்கள் 2013-ல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி ஐபிவி4 முகவரிகள் அனைத்திலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டினார்கள். அதே வேலையைத் திருடர்களும் செய்கிறார்கள், ஓயாமல்.

ஆகவே முதல் வேலை கடவுச்சொல்லையே ஒழிப்பது. உங்கள் கணினியில் எஸ்எஸ்ஹெச்-கீஜென் ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கித் தரும். பொதுச் சாவி சர்வருக்குப் போகும், தனிச் சாவி உங்களிடமே இருக்கும். பிறகு ரூட் அல்லாத ஒரு பயனரை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் நுழைவுக்கு ‘நோ’ போடுங்கள். இதில் ஒரு குழி இருக்கிறது. உபுண்டு கிளவுடு படிமங்கள் சிலவற்றில் முதல்முறை அமைப்பு வேலையைச் செய்யும் கிளவுட்-இனிட் எழுதிவைக்கும் துணைக் கோப்பு ஒன்றில் ‘யெஸ்’ இருக்கும். எஸ்எஸ்ஹெச் முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். துணைக் கோப்புதான் முதலில் படிக்கப்படும். பெரிய கோப்பில் நீங்கள் எழுதியது எழுதியபடி கிடக்க, கதவு திறந்தே இருக்கும். மாற்றத்துக்குப் பிறகு இருக்கும் இணைப்பை மூடாமல், வேறொரு டெர்மினலில் நுழைந்து சோதிப்பதே இந்தத் தொழிலில் வழக்கம். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கும் முன்னும் 22-ஆம் போர்ட்டுக்கு அனுமதி கொடுத்துவிட வேண்டும். மறந்தால் உங்களையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். அப்போது நிறுவனத்தின் இணையப் பக்கத்திலுள்ள கன்சோல்தான் கைகொடுக்கும்.

மற்றவை பழகிய பாதை. ‘ஆப்ட்’ மூலம் எல்லாவற்றையும் புதுப்பித்து, என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை நிறுவி, டொமைனின் ‘ஏ’ பதிவை உங்கள் ஐபிக்குத் திருப்பி, செர்ட்பாட்டை ஓட்டினால் லெட்ஸ் என்கிரிப்ட்டின் இலவசச் சான்றிதழ் வந்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டு தானாகவே போட்டுக்கொள்ளும். கெர்னல் மாறினால் ரீஸ்டார்ட் தேவை என்று நுழையும்போது ஒரு வரி காட்டும். அந்த வரியை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறவர்கள் ஏராளம்.

சொந்த மெயில் சர்வர் ஆசை மட்டும் வேண்டாம். ஸ்பேமுக்குப் பயந்து பல நிறுவனங்கள் மெயில் அனுப்பும் 25-ஆம் போர்ட்டைப் பூட்டியே கொடுக்கின்றன. பேக்கப்பில் கஞ்சத்தனம் கூடாது. டிஜிட்டல்ஓஷன் வாராந்திரப் பேக்கப்புக்கு வாடகையில் 20 சதவீதம் கேட்கிறது. 4 டாலர் சர்வருக்கு அது ஒரு டாலர்கூட வராது.

பில்லில் ஒரு விஷயம் புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. டிஜிட்டல்ஓஷனிலும் லினோடிலும் சர்வரை பவர் ஆஃப் செய்தால் வாடகை நிற்காது. வட்டும் நினைவகமும் ஐபியும் உங்கள் பேரிலேயே ஒதுங்கிக் கிடக்கின்றன அல்லவா? அதிலும் ஐபிவி4 முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அமேசான் 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரி ஒன்றுக்கு மணிக்கு அரை சென்ட் தனியாக வசூலிக்கிறது, மாதம் 3.6 டாலர். வேண்டாத சர்வரை அழித்தால்தான் மீட்டர் நிற்கும். அழித்ததும் அந்த ஐபி வேறொருவருக்குப் போகும். அதனால் டிஎன்எஸ்ஸில் பழைய முகவரியைக் காட்டும் பதிவையும் அன்றே நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால், உங்கள் டொமைன் பெயரை அடிப்பவர்கள் முன்பின் தெரியாத ஒருவரின் சர்வரில் போய் இறங்குவார்கள்.