ஒலியைக் காட்டும் திரை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஒலி காதுக்கு உரியது என்பது நாம் அறிந்ததே. ஆனால் திரைப்படத்திற்கும் தொலைக்காட்சிக்கும் வசனம், இசை, பின்னணி ஓசை ஆகியவற்றை ஒன்றுசேர்க்கும் கூடங்களில், கலவை மேசையின் முன் அமர்ந்திருப்பவர் ஒலியைக் கண்ணாலும் பார்க்கிறார். அம்மேசையின் மேல்விளிம்பில் உள்ள திரை எதைக் காட்டுகிறது, ஏன் தேவைப்படுகிறது என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கு விளக்க விழைகிறேன்.

காதை மட்டும் நம்பினால் என்ன குறை? காது பழக்கத்திற்கு அடிமை. பலத்த ஓசையில் சில மணி நேரம் இருந்தவருக்கு அதே ஓசை சாதாரணமாகிவிடும். ஆகவே களைப்படையாத அளவுகோல் ஒன்று வேண்டும்.

முதலில் வந்தது முள். 1939-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடமும், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய வானொலி நிறுவனங்களும் சேர்ந்து 'வி.யு. மீட்டரை'த் தரப்படுத்தின. இதன் முள் உரிய இடத்தை எட்ட ஏறத்தாழ 0.3 விநாடி ஆகும். எனவே தொடர்ந்து ஒலிக்கும் பாட்டை நன்கு காட்டும். கைதட்டல் போன்ற குறுகிய ஓசையோ, முள் எட்டுவதற்குள் மறைந்துவிடும். பி.பி.சி. முதலிய ஐரோப்பிய நிலையங்கள் உச்சத்தை விரைந்து பிடிக்கும் மீட்டர்களைக் கையாண்டன.

சராசரி வேறு, உச்சம் வேறு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்கிறோம்; அது பயனுறு மதிப்பு. அதன் உச்சமோ சுமார் 325 வோல்ட். ஒலியிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒரு நாடகத்தில் பத்து நிமிடம் மெல்லிய பேச்சு, இடையே ஒரே ஒரு வெடிச்சத்தம். அடுத்து வரும் விளம்பரத்தில் ஒவ்வொரு சொல்லும் அவ்வெடியின் உச்சத்தை ஒட்டியே நிற்கிறது. உச்ச மீட்டருக்கு இரண்டும் சமம். வீட்டில் கேட்பவரோ ஒலியைக் குறைக்க எழுந்து ஓடுகிறார்!

இக்குறை தீர, 2006-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டது. காது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாக உணர்வதையும் கருத்திற் கொண்டு, உரப்பைச் சராசரியாகக் கணிக்கும் முறை இது. இதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் –23 எல்.யு.எப்.எஸ். என்ற இலக்கை வகுத்தது. எண்முறைப் பதிவின் மேல் எல்லையே பூஜ்யம். அதனால்தான் கழித்தல் குறி. விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரக்க ஒலிக்கலாகாது என்று அமெரிக்கா அதே ஆண்டில் சட்டமும் இயற்றியது.

இன்று 400 மில்லி விநாடியின் உரப்பு, 3 விநாடியின் உரப்பு, நிகழ்ச்சி முழுவதின் உரப்பு ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். 5.1 முறையில் ஆறு தடங்கள். 2012-இல் வந்த டால்பி அட்மாசில் 128 தடங்கள் வரை உண்டு. தடத்திற்கு ஒரு முள் வைத்தால் கண் எங்கே போகும்? ஆகவேதான் எல்லாவற்றையும் வண்ணக் கோடுகளாக ஒருசேரக் காட்டும் திரை வந்தது.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. எண் சரியாக இருந்தும், இசையின் அடியில் வசனம் புரியாமற் போகலாம். அதைக் காதுதான் கண்டறிய வேண்டும். எந்தக் கருவியும் தன்னிடம் கேட்ட கேள்விக்கே விடை தரும். நம் ஆய்வுக்கூடத்தில் மீட்டரைப் படிக்கும்போதும், அது எதை அளக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்வோமாக.