தேர்ந்த காது செய்யும் இடைஞ்சல்

கணினியில் இசைத் தயாரிப்பு கற்கத் தொடங்குபவர்கள் முதல் ஓராண்டில் ஏராளமாகச் செய்து தள்ளுவார்கள். ஒரே ராத்திரியில் ஒரு டிராக் முடிந்துவிடும். கிக்கும் பேஸும் ஒன்றையொன்று விழுங்கும், குரல் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், ரிவெர்ப் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ஆனாலும் டிராக் முடிந்திருக்கும். நான்கைந்து ஆண்டுகள் கழித்து அதே ஆளிடம் நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கிறது, பிளக்-இன்கள் குவிந்திருக்கின்றன, எந்த அதிர்வெண்ணை எங்கே வெட்டவேண்டும் என்ற தெளிவும் இருக்கிறது. முடிந்த பாட்டுதான் இல்லை. ஹார்டு டிஸ்க் முழுக்க எட்டு பார் நீள லூப்புகள், ஒவ்வொன்றும் பளபளவென்று மெருகேற்றப்பட்டு, எங்கும் போகாமல் கிடக்கின்றன. பழைய டிராக்கை எப்போதாவது போட்டுக் கேட்டால், 'இது நமக்கு எப்படித் தோன்றியது?' என்று அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இந்த மனக்குறையை முழுக்க நம்பிவிடவும் முடியாது. தொடக்கநிலைப் படைப்புகளில் பெரும்பகுதி பிறரைப் பார்த்து எழுதியதுதான். இசை மென்பொருள்கள் பலவற்றைத் திறந்ததும் நிமிடத்துக்கு 120 பீட், நாலுக்கு நாலு தாளம் என்றே நிற்கும். புதியவர் அதை மாற்றுவதே இல்லை. மென்பொருளோடு வந்த பிரீசெட் ஒலி, எல்லோரும் போடும் நான்கு கார்டுகள், பிடித்த இசையமைப்பாளரின் சாயல் என்று வேலை நடக்கும். அவற்றில் பல அடுத்த மாதமே மறந்துபோகும். தற்செயலாக நன்றாக அமைந்த ஒன்றிரண்டு மட்டும் நினைவில் தங்கும். பின்னாளில் தன் இன்றைய சராசரியை அன்றைய உச்சத்தோடு ஒப்பிட்டு வருந்துகிறார். இந்த மயக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதற்குச் சிகாகோவில் பிறந்த ஓர் இசைத்தட்டு நல்ல சாட்சி.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற சிறிய கருவியை விற்பனைக்கு விட்டது. அதை வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. தனியாகக் கிட்டார் பயிற்சி செய்பவருக்கு பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பதுதான் நோக்கம். ஆனால் அதன் ஒலி பேஸ் கிட்டாரைப் போலவே இல்லை. சுரங்களை உள்ளே பதியும் முறையோ தலையைச் சுற்றவைத்தது. 1984இல் தயாரிப்பு நின்றது. செகண்ட் ஹேண்ட் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அப்படிக் கிடைத்த ஒன்றை சிகாகோ இளைஞர்கள் டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே மூவரும் கையில் எடுத்தனர். எப்படி இயக்குவது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு சுரவரிசை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்போதே பியர் குமிழ்களைத் திருகினார். ஒலியின் உயர் அதிர்வுகளைத் தடுக்கும் ஃபில்டர் மெல்லத் திறந்தது, ரெசனன்ஸ் ஏறியது. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்த பேஸ் பிழிந்தெடுத்ததுபோல் கீச்சிட்டது. கருவியின் நோக்கப்படி பார்த்தால் அது பேஸே அல்ல. மூவரும் நிறுத்தவில்லை, ஓடவிட்டுப் பதிவுசெய்தனர்.

அந்த டேப்பை சிகாகோவின் 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பில் டிஜே ரான் ஹார்டி ஒரே இரவில் நான்கு முறை போட்டார் என்பார்கள். முதல்முறை ஆடுகளம் காலியானதாம், நான்காம் முறை கூட்டம் ஆடித் தீர்த்ததாம். 'ஃபியூச்சர்' என்ற குழுப்பெயரில் 'ஆசிட் டிராக்ஸ்' 1987இல் வெளிவந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையே அதிலிருந்து கிளம்பி இங்கிலாந்துவரை போய்ப் பரவியது. கையேட்டின்படி டிபி-303ஐ இயக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கீச்சொலி கேட்ட மறுகணம் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பியிருப்பார்.

தெரிந்த வழி தெரியாத வழியை மறைப்பது இசைக்கு மட்டும் உரிய கோளாறு அல்ல. உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட சோதனை இதை எளிமையாகக் காட்டுகிறது. 21, 127, 3 அளவு கொள்ளும் மூன்று குடுவைகள். 100 அளவு தண்ணீர் வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒருமுறையும் 3ஐ இருமுறையும் ஊற்றிவிட்டால் 100 நிற்கும். இதே வழியில் தீரும் கணக்குகளாகச் சில கொடுத்துப் பழக்கிவிட்டு, அடுத்ததாக 23, 49, 3 குடுவைகளைத் தந்து 20 அளவு கேட்டார். 23இலிருந்து 3ஐ ஊற்றினால் வேலை முடிந்தது. பழகியவர்களில் பெரும்பாலோர் 49ஐ நிரப்பி, 23ஐக் கழித்து, 3ஐ இருமுறை கழித்து, சுற்றி வளைத்து அதே 20க்கு வந்தனர். பழக்கம் இல்லாதவர்கள் நேர்வழியை எளிதில் பிடித்தனர்.

2008இல் பிலாலிச், மெக்லாட், கோபே மூவரும் சதுரங்க வல்லுநர்களின் கண்ணசைவை அளந்தபோது இன்னும் நுட்பமான ஒன்று தெரிந்தது. பிரசித்தமான ஐந்து நகர்த்தல் தீர்வைக் கண்டுகொண்டவர்களிடம் அதைவிடக் குறுகிய தீர்வு உண்டா என்று தேடச் சொன்னார்கள். தேடுகிறோம் என்றே அவர்களும் சொன்னார்கள். கண்கள் மட்டும் முதல் தீர்வுக்குரிய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தன. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, கண்தான் கேட்கவில்லை.

ஒலிப்பதிவு மென்பொருளின் முன்னால் கேட்காமல் போவது காது. ஒரு சிந்த் மெட்டு தோன்றுகிறது. அதை நான்கு சுரம் வாசிப்பதற்குள், கீழே 200 ஹெர்ட்ஸ் பக்கம் கசகசப்பதைக் காது பிடித்துவிடுகிறது. கை ஈக்யூவைத் திறக்கிறது. அடுத்து கிக் ஒலி போதாது என்று தோன்றுகிறது. சாம்பிள் கோப்புறைக்குள் நுழைந்தால் அரைமணி நேரம் போகிறது. திரும்பி வரும்போது ஐந்தாவது சுரம் எது என்பது நினைவில் இல்லை. செய்த திருத்தங்கள் தனித்தனியே எல்லாம் சரி. ஆனால் பாட்டு பிறப்பதற்கு முன்பே அதற்கு மிக்சிங் நடந்துவிட்டது. புதியவருக்கு இந்தக் கசகசப்பு கேட்பதே இல்லை. அதனால் அவர் ஐந்தாவது சுரத்துக்குப் போகிறார்.

தாளத்திலும் இதே கதை. நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு பீட்டின் காற்பங்கு 125 மில்லி விநாடி. குவாண்டைஸ் பொத்தானை அழுத்தினால் முன்பின்னாக விழுந்த தட்டுகள் எல்லாம் அந்தக் கோட்டில் போய் நிற்கும். கைப்பழக்கம் வந்தவருக்கு அதை அழுத்துவது அனிச்சைச் செயல். டெட்ராயிட்டின் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா, அகாய் எம்பிசி 3000 கருவியில் குவாண்டைஸை அணைத்துவிட்டுக் கையால் தட்டிய தாளங்களுக்காகவே பேசப்படுகிறார். அவர் கருவி இப்போது வாஷிங்டனில் ஆப்பிரிக்க-அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோடு எங்கே இருக்கிறதென்று துல்லியமாக அறிந்தே விலகியவர் அவர். லண்டனின் பரியல் வேறுவகை. 2007இல் வந்த 'அன்ட்ரூ' ஆல்பத்தை, தாளக் கட்டங்களே இல்லாத சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் செய்ததாகச் சொன்னார். திரையில் அலைவடிவம் மீன்முள்போல் தெரிந்தால் டிரம் சரியாக இருக்கிறது என்பது அவர் கணக்கு.

தேர்ச்சியே கற்பனைக்குப் பகை என்று இதிலிருந்து முடிவுகட்டினால் கர்நாடக சங்கீதம் இடிக்கும். சரளி வரிசையில் இருக்கும் மாணவரிடம் கற்பனையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று பல ஆண்டுகள் போனபிறகுதான் நிரவலும் கல்பனாசுரமும் ராக ஆலாபனையும் கைகூடும். மனோதர்மம் என்பது பயிற்சியின் கடைசிப் படி. ஒரே திறமை ஓரிடத்தில் கதவைத் திறந்து மற்றோரிடத்தில் அடைப்பதற்குக் காரணம், மேடையில் பாடிய சங்கதியை அழிக்க முடியாது என்பதுதான். பிசகினால் அதையே அடுத்த பிடிக்குப் பிடிமானமாக்க வேண்டும்; தேர்ச்சி முழுவதும் அடுத்த நொடிக்குச் செலவாகிறது. ஸ்டூடியோவில் கண்ட்ரோல்-இசட் உண்டு. அங்கே தேர்ச்சி பின்னோக்கித் திரும்பி, செய்ததையே திருத்திக்கொண்டிருக்கிறது. ஆக, குற்றவாளி திறமை அல்ல. அது வேலைக்கு வரும் நேரம்.

பெரிய கலைஞர்களும் இதில் சிக்கியதுண்டு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சி வீட்டில், டியாக் 144 என்ற நான்கு டிராக் கேசட் கருவியில் சில பாடல்களைப் பதிந்தார். குழுவினருக்குப் பாட்டைக் கேட்கவைக்க ஒரு டெமோ, அவ்வளவே. கேசட்டைப் பெட்டிகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு ஸ்டூடியோவில் முழுக்குழுவோடு வாசித்துப் பார்த்தபோது ஒலி சிறப்பாக இருந்தது, பாட்டு செத்துவிட்டிருந்தது. கடைசியில் அந்தக் கேசட்டிலிருந்தே, மிகுந்த சிரமத்தோடு இசைத்தட்டுக்கு மாற்றி, அதே ஆண்டு செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டனர். அது அவருடைய ஆறாவது ஆல்பம். டெமோவில் அவர் பாட்டைத்தான் கவனித்தார், பதிவை அல்ல.

மும்பையின் சரண்ஜித் சிங் இன்னொரு வழியைக் காட்டுகிறார். இந்தித் திரையிசைப் பதிவுகளில் பல்லாண்டு வாசித்த அனுபவசாலி. புதிதாக வந்த டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் சேர்த்து, 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் செய்தார். பைரவ் அதில் உண்டு. நம் பிள்ளைகள் சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையின் சுரங்கள்தான் அதற்கும். மோகனத்துக்கு ஈடான பூபாளியும் இந்தோளத்துக்கு ஈடான மால்கௌன்ஸும்கூட உண்டு. அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத அந்தத் தட்டு 2010இல் மறுபதிப்பாக வந்தபோது, 'ஆசிட் டிராக்ஸ்' வருவதற்கு ஐந்தாண்டு முன்பே இந்த ஒலியா என்று உலகம் திகைத்தது. ராகத்தில் பழுத்த கை, கருவியில் புதிய கை. புதியவராக இருப்பது வயதையோ அனுபவத்தையோ பொறுத்ததல்ல, கையிலிருக்கும் கருவியைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

தொழிலில் நிலைத்தவர்கள் கைக்கொள்ளும் ஏற்பாடுகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளின் வேறுபாடுகளே. மெட்டு போடும் நாளில் மிக்சிங் செய்வதில்லை. ஒரு பாட்டுக்கு இத்தனை டிராக், இந்த ஒரு சிந்த் மட்டும் என்று முன்கூட்டியே எல்லை போட்டுக்கொள்வார்கள். முதல் பதிவை எத்தனை மோசமாக இருந்தாலும் அழிக்காமல் வைப்பார்கள். இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975இல் ஒரு சீட்டுக்கட்டே வெளியிட்டனர். வேலை தேங்கும்போது ஒரு சீட்டை உருவி, அதில் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும். பழகிய தடத்திலிருந்து ஆளை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை.

ஈனோ பங்கேற்ற டேவிட் போயியின் 'லாட்ஜர்' ஆல்பத்தில் (1979) இது ஒருபடி மேலே போனது. 'பாய்ஸ் கீப் ஸ்விங்கிங்' பாட்டுக்குக் கருவிகளை மாற்றிக் கொடுத்துவிட்டனர். கிட்டார் கலைஞர் கார்லோஸ் அலோமர் டிரம் வாசித்தார், டிரம் கலைஞர் டென்னிஸ் டேவிஸ் பேஸ் வாசித்தார். அலோமரின் முரட்டு டிரம் பாட்டுக்குப் பொருந்தியது; அப்படியே வைத்துக்கொண்டார்கள். டேவிஸின் பேஸ் தேறவில்லை. அதைத் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியே பிறகு வாசித்துச் சேர்த்தார்.