இலட்சியம் மட்டும் இருந்தால் போதுமா?



கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவிக்கு நம்மில் பலர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அந்தத் திட்டத்தின் பெயரில் உள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி யார் என்று கேட்டால், நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அரசியலுக்கு வருகிற பெண்ணுக்கு என்ன வேணும் என்பதை அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லித் தருகிறது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். முத்துலட்சுமி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து டாக்டரானார். பின்னர் சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, 1927-ல் அதன் துணைத் தலைவரும் ஆனார்.

சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அதே ஆண்டு தீர்மானம் கொண்டுவந்தார். இது அவருடைய இலட்சியம்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. தேவதாசிப் பெண்களிலேயே சிலர் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். கோயில் ஊழியத்துக்காகக் கிடைத்த மானிய நிலம் போய்விட்டால் பிழைப்புக்கு என்ன செய்வது? அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. 1929-ல் வந்த சட்டத்தால், ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களிடமே இருக்க வழி கிடைத்தது.

1930-ல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். பதவிதான் போனதே தவிர, வேலை நிற்கவில்லை. அடைக்கலம் கேட்டு தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பிறந்ததுதான் சென்னையில் உள்ள அவ்வை இல்லம். பொட்டுக்கட்டுவதை முழுமையாகத் தடுக்கும் சட்டம் வந்தது 1947-ல்தான். இருபது வருஷம்! சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன?

பரிதாபப்படுவது வேறு, அவர்கள் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்பது வேறு. பரிதாபம் 'ஐயோ பாவம்' என்பதோடு முடிந்துவிடும். மற்றது 'இன்னிக்கு ராத்திரி இவள் எங்கே படுப்பாள்?' என்று கேட்க வைக்கும்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. நம் குழுக்களிலிருந்தும் வார்டு உறுப்பினர்களாக ஜெயித்து வந்திருக்கிறார்கள். ஊரில் 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் என்று தெரிந்தால் 1098-க்குப் போன் போட்டு நிறுத்திவிடலாம். அதோடு நம் வேலை முடிந்ததா? மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிறாளா? கல்யாணத்துக்கு வாங்கிய கடனால் அந்தக் குடும்பம் தவிக்கிறதா? 'அதெல்லாம் நமக்கெதுக்கு' என்று விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் வைத்துக் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள்.

இலட்சியம் மட்டும் இருந்தால் மேடைப் பேச்சோடு நின்றுவிடுவோம். இரக்கம் மட்டும் இருந்தால் அன்றாட உதவியோடு நின்றுவிடுவோம். இரண்டும் சேர்ந்தால்தான் ஊர் மாறும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். நம் வார்டில் உத்தரவு வந்தும் உதவி போய்ச் சேராத வீடு எது என்று பேசுங்கள். அந்த வீட்டுக்கு முதலில் போவோம்.