வீடியோ காலில் வந்தது நிஜமாகவே உங்கள் மேலதிகாரிதானா? வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களைக் குறிவைக்கும் புதிய மோசடிகள்

2024-ம் ஆண்டு தொடக்கம். பிரிட்டனைச் சேர்ந்த அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்கு, தலைமை நிதி அதிகாரி பெயரில் ஒரு செய்தி வந்தது. ரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டுமாம். ‘இது மோசடியாக இருக்குமோ’ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

ஆனால், அடுத்து வந்த வீடியோ காலில் அந்த அதிகாரியே இருந்தார். தெரிந்த சக ஊழியர்களும் இருந்தார்கள். ‘நம்ம ஆளுங்கதானே’ என்று நம்பி, 15 முறையாக 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். நம்ம ஊர் கணக்கில் 200 கோடி ரூபாய்க்கும் மேல்! பிறகு தலைமை அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த காலில் அவரைத் தவிர மற்ற எல்லாருமே டீப்ஃபேக்.

நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் எதுவும் ஹேக் ஆகவில்லை. ஒரு மனிதரின் நம்பிக்கைதான் ஹேக் ஆனது.

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் ஏன் ஆபத்து அதிகம்?

ஒரே அலுவலகம் என்றால், “சார், பணம் அனுப்பச் சொன்னீங்களா?” என்று நாலு அடி நடந்துபோய்க் கேட்டுவிடலாம். வீட்டில் இருக்கும்போது முகம், குரல், உத்தரவு எல்லாமே திரை வழியாகத்தான் வருகின்றன. அந்த மூன்றையும் போலியாக உருவாக்க இன்று ஏ.ஐ. கருவிகள் இருக்கின்றன.

போனில் ‘அப்ரூவ்’ கேட்குதே, அது போதாதா?

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் நுழைந்தார். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் சொந்தக் கருவியில் வைரஸ் புகுந்து, பாஸ்வேர்டு திருடுபோயிருக்கலாம் என்றது ஊபர். பாஸ்வேர்டு கிடைத்தபின், அந்த ஊழியரின் போனுக்கு லாகினை அனுமதிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கோரிக்கை போனது. கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டார். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது.

நீங்கள் லாகின் செய்யாதபோது இப்படிக் கோரிக்கை வந்தால், உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கலாம் என்று அர்த்தம். ‘நோ’ அழுத்துவதோடு நிறுத்தாமல், உடனே பாஸ்வேர்டை மாற்றி, ஐ.டி. பிரிவுக்கும் சொல்லுங்கள்.

சொந்த கம்ப்யூட்டரில் ஆபிஸ் வேலை பார்க்கலாமா?

பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கே 2022-ல் அடி விழுந்தது. மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்த மீடியா மென்பொருளில் ஓர் ஓட்டை. அதன் வழியாக நுழைந்தவர்கள், அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டைப் பதிவு செய்துகொண்டார்கள். பொழுதுபோக்குக்கான ஒரு மென்பொருள், வாடிக்கையாளர்களின் தகவல் பெட்டகம் வரை வழிகாட்டிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்தவரே போலி என்றால்?

சைபர் பாதுகாப்புப் பயிற்சி தரும் அமெரிக்க நிறுவனமான நோபிஃபோர், 4 வீடியோ நேர்காணல்கள் நடத்தி ஒரு பொறியாளரை எடுத்தது. அனுப்பிய லேப்டாப் கைக்குப் போனதும், அதில் வைரஸ் ஏற்றும் வேலை தொடங்கியது. திருடிய அடையாளத்துடன் வந்த வட கொரிய நபர் அவர் என்று 2024 ஜூலையில் நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. உடனே கண்டுபிடித்ததால் தகவல் எதுவும் திருடுபோகவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

* பணமோ பாஸ்வேர்டோ கேட்டால் காலைத் துண்டியுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் நீங்களே திரும்ப அழையுங்கள்.
* ஆபிஸ் லேப்டாப்பில் ஆபிஸ் வேலை மட்டும். குழந்தைகளின் கேமுக்கு அது வேண்டாம்.
* அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வைஃபை ரௌட்டருடன் வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.
* பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் இந்தியாவில் விதி.

நிறுவனங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பெரிய தொகையை ஒருவர் மட்டுமே அனுப்ப முடியாதபடி, இருவர் ஒப்புதல் கட்டாயம் என்று வைக்கலாம். அதைவிட முக்கியம், “சார், இது நிஜமா நீங்கதானா?” என்று ஒரு ஜூனியர் கேட்டால் மேலதிகாரி கோபப்படக் கூடாது. ‘எப்படிக் கேட்பது’ என்ற அந்தத் தயக்கத்தை நம்பித்தான் மோசடிக்காரர்கள் வருகிறார்கள்.