மண் கொடுக்கிற தண்ணீர்

ஈரக் களிமண்ணில் ஏறக்குறைய பாதி இடம் தண்ணீர்தான். ஆற்று மணலில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு இடம். ஆனாலும் களிமண்ணில் வெட்டிய கிணறு சொட்டுச் சொட்டாகக் கசியும். மணலில் இறக்கிய உறைகிணறு இறைக்க இறைக்க ஊறும்.

களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் இடுக்கில் புகுந்த நீர் துகள்மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது. புவியீர்ப்பால் அதைப் பிரித்து இறக்க முடிவதில்லை. நூறு கன அடி களிமண்ணிலிருந்து 2 முதல் 5 கன அடி நீர் வடிந்தாலே பெரிது. மணல் 20 கன அடிக்கு மேலும் கொடுக்கும். அமெரிக்க நிலநீர் அறிஞர் ஆஸ்கர் மெய்ன்சர் 1923-லேயே, மண் வடியவிடும் நீரையும் பிடித்துவைக்கும் நீரையும் தனித்தனியே வரையறுத்துவிட்டார். கிணற்றுக்காரருக்கு வேண்டியது முதல் கணக்கு மட்டும்தான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடும்பாறை. கோவை, சேலம், தருமபுரி எல்லாம் அதில் அடக்கம். கெட்டிப் பாறைக்குள் நீர் தங்காது. மேலே மக்கிய பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தங்கும். அதனால்தான் ஒரு போரில் தண்ணீர் பீறிட, பக்கத்துத் தோட்டத்தில் வெறும் புழுதி பறக்கிறது. ஆழம் போகப் போக வெடிப்புகளும் குறைந்து இறுகிவிடும். ஆயிரம் அடி போட்டால் நீர் நிச்சயம் என்பது வீண் நம்பிக்கை.

மக்கிய பாறை நூற்றுக்கு 2 பங்கு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 81,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏழு நடைகூடத் தேறாது. அதே ஏக்கர் மணலாக இருந்து நூற்றுக்கு 20 பங்கு கொடுத்தால் 8 லட்சம் லிட்டர்.

மழைக்கும் இதே கணக்குதான். நூறு மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினால் மணலில் மட்டம் அரை மீட்டர் உயரும், பாறை நிலத்தில் 5 மீட்டர். ஐப்பசியில் கிணறு மளமளவென்று ஏறுவதைப் பார்த்து, வருஷம் முழுக்கத் தாங்கும் என்று கரும்பும் வாழையும் வைத்துவிடுகிறோம். ஏறிய வேகத்திலேயே அது இறங்கவும் செய்யும். கிணற்றில் எத்தனை அடி நிற்கிறது என்பதோடு, சுற்றியுள்ள மண் எவ்வளவு கொடுக்கும் என்பதையும் பார்த்துத்தான் பயிரை முடிவுசெய்ய வேண்டும்.

ஆற்று மணலை அள்ளுவது எனக்குப் பதைப்பாக இருப்பதும் இந்தக் கணக்கால்தான். பாலாற்றில் மணலுக்கடியில் ஊறுகிற நீரைத்தான் கரையோர ஊர்கள் பல குடிக்கின்றன. ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் மணல் போனால், 8 லட்சம் லிட்டர் நீர் தங்கி வடிய இருந்த இடமே போய்விடுகிறது. அடுத்த வெள்ளம் வந்தாலும் அதைத் தேக்க அங்கே மணல் இருக்காது.