மின்நிலையங்கள் உறிஞ்சும் கடல்நீர்: மீன்வளத்துக்கு என்ன பாதிப்பு?

புதுதில்லி: கடலோர மின்நிலையங்கள் வெளியேற்றும் வெந்நீர் குறித்து நீண்டகாலமாகப் பேசப்பட்டு வருகிறது. ஆனால், அவை நீரை உறிஞ்சும் இடத்திலேயே மீன்வளத்துக்கான பாதிப்பு தொடங்கிவிடுகிறது.

டர்பைனைச் சுழற்றிய நீராவியை மீண்டும் நீராக்க, பெருமளவு குளிர்ந்த நீர் தேவை. தலா 220 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகளைக் கொண்ட கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையம், கடலடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக நொடிக்குச் சுமார் 35 ஆயிரம் லிட்டர் கடல்நீரை எடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. நாள் முழுவதும் இயங்கினால் இது ஏறத்தாழ 300 கோடி லிட்டர் ஆகும்.

இரு வகை பாதிப்பு

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த இயலாத மீன்கள், நண்டுகள், ஜெல்லி மீன்கள் ஆகியவை வடிகட்டிகளில் மோதிச் சிக்குகின்றன. இது கண்ணுக்குத் தெரியும் இழப்பு.

வடிகட்டியின் துளைகளைவிடச் சிறிய மீன் முட்டைகள், குஞ்சுகள், மிதவை உயிரிகள் ஆகியவை நீருடன் உள்ளே செல்கின்றன. அங்கு பம்புகளின் அழுத்தம், வெப்பம், குழாய்களில் பாசியும் சிப்பியும் படியாமலிருக்கச் சேர்க்கப்படும் குளோரின் ஆகியவற்றால் அவற்றில் பல உயிரிழக்கின்றன. முட்டைகளில் பெரும்பாலானவை இயற்கையாகவே அழிபவை என்பதால், இந்த இழப்பு மீன்பிடிப்பை எந்த அளவுக்குக் குறைக்கிறது என்று கணிப்பது கடினம். எனினும், குஞ்சுகள் வளரும் கழிமுகங்களுக்கு அருகே நீர் எடுக்கப்பட்டால் பாதிப்பு அதிகமாகும். கரையோரத்தில் சிறு படகுகளில் மீன்பிடிப்போர் நம்பியிருப்பதும் அப்பகுதிகளையே.

விதிகள் கூறுவது என்ன?

புதிய கடலோர அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் நீரால், அதைப் பெறும் கடல்நீரின் வெப்பம் அதன் இயல்பான வெப்பநிலையைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடக்கூடாது என 1998 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிர்ணயித்தது. நீரை ஒருமுறை பயன்படுத்தி வெளியேற்றும் அனல்மின் நிலையங்கள் குளிர்விப்புக் கோபுரங்கள் அமைக்க வேண்டும் என 2015 டிசம்பர் 7-ஆம் தேதி அறிவிக்கை வெளியானது. ஆனால், நீர் நுகர்வுக்கான வரம்பு கடல்நீரைப் பயன்படுத்தும் நிலையங்களுக்குப் பொருந்தாது என 2018-இல் திருத்தப்பட்டது. இந்த வரம்புகள் நீரின் அளவையும் வெப்பத்தையும் பற்றியவை. உள்ளே இழுக்கப்படும் மீன்களைப் பற்றியவை அல்ல.

தீர்வுகள்

நீரை மறுசுழற்சி செய்யும் கோபுரங்கள், உறிஞ்சும் நீரின் அளவை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கக்கூடியவை. வடிகட்டியில் நீர் பாயும் வேகத்தை நொடிக்கு அரை அடிக்குள் வைப்பதை, மீன்கள் சிக்குவதைத் தடுக்கும் வழிகளில் ஒன்றாக அமெரிக்கா 2014-இல் ஏற்றது. கூடங்குளத்தில், அழுத்தக் காற்றின் உதவியால் மீன்களைப் பிரித்துக் கடலுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு உள்ளது. ஆனால், நீந்தத் தெரியாத முட்டைகளைக் காக்க, எடுக்கும் நீரின் அளவைக் குறைப்பதும், இனப்பெருக்கப் பகுதிகளைத் தவிர்த்து நீர் எடுப்பதுமே பயன்தரும்.