பழைய லாரிகளில் எஞ்சின் கணினி ட்யூனிங்

எஞ்சின் கணினி ட்யூனிங் என்பது டீசல் எஞ்சினுக்குள் எரிபொருள் எப்போது, எவ்வளவு, எந்த அழுத்தத்தில் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மின்னணுக் கருவியின் மென்பொருளை மாற்றி எழுதுவதாகும். பட்டறைகளில் இந்தக் கருவி இசிஎம் அல்லது இசியு எனவும், மாற்றும் வேலை ரீமேப் எனவும் வழங்கப்படுகின்றன. இழுவையைக் கூட்டுவதும் டீசல் செலவைக் குறைப்பதும் இதன் நோக்கங்கள். தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், சிறுசேரி ஆகிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் தண்ணீர், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றி ஓடும் பழைய லாரிகளுக்கு இது பயன்தருமா என்பது எஞ்சினின் வகை, அதன் நிலை, லாரியின் ஓட்டம், சட்டம் ஆகிய நான்கையும் பொறுத்தது.

கணினி உள்ள லாரியும் இல்லாத லாரியும்

முதலில் பார்க்க வேண்டியது, லாரியில் மாற்றி எழுதக்கூடிய கணினி இருக்கிறதா என்பதே. இந்தியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின. பிஎஸ்-3 விதி 2010-இல் நாடு முழுவதற்கும் வந்தது. பிஎஸ்-4 விதி 2017 ஏப்ரல் 1 முதலும், பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1 முதலும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. பிஎஸ்-3 வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மார்ச் 29 அன்று உத்தரவிட்டது.

பிஎஸ்-3 காலத்து லாரிகள் பலவற்றில் டீசலை அளந்து தருவது இன்லைன் பம்ப் எனும் இயந்திர அமைப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட் நிறுவனம், பிஎஸ்-4 விதிக்காக 2017-இல் அறிமுகப்படுத்திய ஐ-இஜிஆர் தொழில்நுட்பத்திலும் இன்லைன் பம்பைத் தக்கவைத்துக்கொண்டது. இத்தகைய எஞ்சின்களில் வழக்கமான ரீமேப் வேலைக்கு இடம் குறைவு. அவற்றுக்குரியது, பம்பைக் கழற்றிச் சோதனை மேடையில் வைத்து அளவு திருத்தும் பம்ப் சர்வீஸ் வேலையே. காமன் ரெயில் முறை எஞ்சின்களில்தான் ரீமேப் பொருள்பட நிகழும்.

செயல்படும் முறை

காமன் ரெயில் எஞ்சினில் டீசல் உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் தேக்கப்படுகிறது. அங்கிருந்து மின்கட்டளைப்படி ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசலைத் தெளிக்கிறது. ஆக்சிலரேட்டர் மிதி, எஞ்சின் சுழற்சி, காற்றழுத்தம், குளிர்நீர் வெப்பம் ஆகியவற்றை உணரிகள் அளக்க, கணினி தன்னிடமுள்ள அட்டவணைகளைப் பார்த்து டீசலின் அளவையும் நேரத்தையும் முடிவுசெய்கிறது. முறுக்குவிசை எல்லை, புகை எல்லை ஆகியவற்றுக்கும் தனி அட்டவணைகள் உண்டு. ரீமேப் இந்த அட்டவணைகளின் எண்களை மாற்றுகிறது. மென்பொருளைத் தொடாமல், உணரிக்கும் கணினிக்கும் நடுவே பொருத்தப்படும் பெட்டிகளும் உள்ளன. இவை உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டிக் கணினியை ஏமாற்றி, அதிக டீசலை வரவழைக்கின்றன.

ஆதாயம் எங்கிருந்து வருகிறது

டீசலில் உள்ள ஆற்றலை எந்த மென்பொருளும் கூட்ட முடியாது. கூடுதல் இழுவை பெரும்பாலும் கூடுதல் டீசலிலிருந்தும் டர்போ தரும் கூடுதல் காற்றிலிருந்துமே கிடைக்கிறது. ஆகவே டர்போ இல்லாத எஞ்சினில் ஆதாயம் மிகக் குறைவு.

டீசல் தெளிக்கும் நேரத்தைச் சற்று முன்னதாக்கினால் அதே டீசலில் கொஞ்சம் அதிக வேலை பெறலாம். ஆனால் எரியறையின் வெப்பம் உயர்ந்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். தயாரிப்பாளர் நேரத்தைப் பின்தள்ளி வைப்பதற்கு இந்த நச்சுவாயுவைக் கட்டுப்படுத்துவது ஒரு முக்கியக் காரணம். எனவே ரீமேப் தரும் சிக்கனம் பல நேரங்களில் தூய காற்றை விலையாகக் கொடுத்துப் பெறுவதாகும்.

வரவு செலவு

ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தால் 750 லிட்டர் டீசல் வேண்டும். ரீமேப் செய்தபின் 4.2 கிலோமீட்டர் கிடைத்தால் ஏறத்தாழ 714 லிட்டர் போதும். மீதம் 36 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் எனக் கொண்டால் மாதம் சுமார் 3,300 ரூபாய். வேலைக்கு 40,000 ரூபாய் செலவானால், போட்ட பணம் திரும்ப ஓராண்டு ஆகும். மாதம் 1,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் லாரிக்கு அதே பணம் திரும்ப மூன்று ஆண்டுகள் ஆகும்.

சிறுசேரி சிப்காட் வளாகத்துக்கும் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் கொண்டுசெல்லும் லாரி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 12,000 லிட்டர் தண்ணீரின் எடை 12 டன். குறுகிய தூரம், சிக்னல்கள், மெட்ரோ பணியால் ஏற்படும் நெரிசல், நின்றபடி எஞ்சினை ஓட்டித் தண்ணீர் இறைப்பது எனவே அதன் நாள் கழிகிறது. நின்று நின்று கிளம்பும் ஓட்டத்தில் டீசலை அதிகம் தின்பது எடையும் பிரேக்கும்தான். அதை மென்பொருள் மாற்றாது. ஜிஎஸ்டி சாலையில் திருச்சி, மதுரை என நெடுந்தூரம் சீராக ஓடும் லாரிக்கே கணக்கு ஓரளவு சாதகமாகும்.

பழைய எஞ்சினின் அபாயங்கள்

தேய்ந்த பிஸ்டன் வளையம், ஒழுகும் இன்ஜெக்டர், தளர்ந்த டர்போ ஆகியவற்றின் மேல் கூடுதல் முறுக்குவிசையை ஏற்றினால் தேய்மானம் விரைவுபடும். பழைய கிளட்ச் முழுச் சுமையில் வழுக்கத் தொடங்கும். டீசல் கூடிக் காற்று போதாவிட்டால் கரும்புகை வரும். கழிவுவாயுவின் வெப்பம் ஏறி டர்போவும் பிஸ்டனும் பழுதாகலாம். கடன் தவணை கட்டும் சிறு உரிமையாளருக்கு எஞ்சின் வேலை என்பது பெருஞ்செலவு மட்டுமன்று. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வருமான இழப்பும் சேர்ந்தது. ஓராண்டுச் சிக்கனம் முழுவதும் ஒரே பழுதில் போய்விடக்கூடும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். புகைக் கட்டுப்பாட்டுக் கருவியை முடக்குவதும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை நீக்குவதும் விதிமீறல்களே.

எட்டு ஆண்டு கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அப்போது கரும்புகை வந்தால் வண்டி தேறாது. அறிவிக்காத மாற்றம் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கலாகலாம்.

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டிகளின் புகைக் கட்டுப்பாட்டை முடக்கும் ட்யூனிங் பரவலாக நடந்தது. பத்தாண்டுக் காலத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் இவ்வாறு மாற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது.

முடிவெடுக்கும் வரிசை

செலவு குறைந்த, சட்டச் சிக்கலற்ற வேலைகளை முதலில் முடிப்பது நல்லது. டயர் காற்றழுத்தம், ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட், பிரேக் ஒட்டிப்பிடித்தல், நாசில் சோதனை ஆகியவை சரியானாலே இழந்த மைலேஜின் பெரும்பகுதி திரும்பக்கூடும். மைலேஜை அளக்க, டேங்கை நிரப்பி ஓட்டி மீண்டும் நிரப்பும் முறையைப் பின்பற்றலாம். ஒரே பாதையில், ஒரே சுமையில் பல நடைகள் அளந்தால்தான் 5 விழுக்காட்டு வேறுபாடு தெரியவரும். அதற்குப் பின்னும் ரீமேப் தேவை எனத் தோன்றினால், தயாரிப்பாளரின் சேவை மையத்தில் அந்த எஞ்சினுக்குரிய புதிய மென்பொருள் உள்ளதா என விசாரிப்பதே பாதுகாப்பான வழி. குறுந்தூரம் ஓடும் பழைய தண்ணீர் லாரியைப் பொறுத்தவரை, அந்தப் பணத்தை நாசிலுக்கும் டயருக்கும் செலவிடுவதே பெரும்பாலும் மிகுந்த பயன் தரும்.